பந்து வரும் முன் எங்கே நிற்கிறார்?

வீடியோ விளையாட்டு வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? படத்தைத்தான் பார்க்கிறோம்.

"ஆகா! ஆட்டக்காரரின் முகம் அசல் போலவே இருக்கிறதே! புல் கூடப் பச்சைப் பசேல் என்று இருக்கிறதே!" என்று வியக்கிறோம்.

முகம் அசல் போல் இருக்கிறது. புல்லும் அசல் போல் இருக்கிறது. ஆட்டம் அசல் போல் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

அமெரிக்க மக்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் என்றால் உயிர். ஜப்பானிலும் அப்படியே. அந்த ஆட்டத்தை வைத்துப் பல வீடியோ விளையாட்டுகள் வந்துள்ளன. அவற்றில் பெயர் பெற்றது "எம்.எல்.பி. தி ஷோ". 2006-ம் ஆண்டில் தொடங்கிய வரிசை அது.

பேஸ்பால் விளையாட்டு ஒன்று அசல் போல் இருக்கிறதா என்று அறிய, முகத்தைப் பார்க்க வேண்டாம். பந்து வரும் முன் ஆட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். இதுவே என் கருத்து.

ஒன்பது பேர்

பேஸ்பால் மைதானம் விசிறி போல விரிந்து இருக்கும். விசிறியின் கைப்பிடி இருக்கும் இடத்தில் மட்டைக்காரர் நிற்பார். அவர் முன்னால் ஒரு சதுரம். அதன் நாலு மூலைகளுக்குத்தான் "பேஸ்" என்று பெயர். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 90 அடி.

பந்தைத் தரையோடு அடித்தவர், முதல் மூலைக்கு ஓட வேண்டும். அவருக்கு முன்னால் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால் அவர் "அவுட்". உயரே அடித்த பந்தைத் தரையில் விழும் முன் பிடித்துவிட்டாலும் "அவுட்".

எதிர்க் குழுவில் ஒன்பது பேர். பந்து வீசுபவர் ஒருவர். மட்டைக்காரருக்குப் பின்னால் இருந்து பிடிப்பவர் ஒருவர். சதுரத்தை ஒட்டி நாலு பேர். தொலைவில் மூன்று பேர்.

முதல் இருவருக்கும் இடம் நிலையானது. மற்ற ஏழு பேரையும் இடம் மாற்றி நிறுத்தலாம். அதில்தான் மூளைக்கு வேலை!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடித்த பந்து மணிக்கு 100 மைல் வேகத்தில் வருகிறது. அதாவது, ஒரு நொடிக்குச் சுமார் 146 அடி. 110 அடி தள்ளி நிற்பவரிடம், வேகம் குறையாமல் வந்தால், ஒரு நொடிக்குள் வந்துவிடும்.

ஒரு நொடியில் அவர் எவ்வளவு தூரம் ஓட முடியும்? இரண்டு எட்டு வைக்கலாம். அவ்வளவுதான். ஆகவே, முன்கூட்டியே சரியான இடத்தில் நின்றால்தான் பந்து கையில் சிக்கும்.

முன்னால் வந்து நின்றால், மெதுவாக உருளும் பந்தைப் பிடிக்கலாம். வேகமான பந்து தப்பிவிடும். பின்னால் நின்றால், வேகப் பந்தைப் பிடிக்கலாம். மெதுவான பந்தில் ஓட்டக்காரர் தப்பிவிடுவார். ஒன்று கிடைத்தால் ஒன்று போகும்!

காலியான இடது பக்கம்

1946-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி. பாஸ்டன் குழுவும் கிளீவ்லாந்து குழுவும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடின.

பாஸ்டன் குழுவில் டெட் வில்லியம்ஸ் என்ற வீரர் இருந்தார். இடது கை மட்டைக்காரர். பந்தைப் பெரும்பாலும் வலது பக்கமாகவே அடிப்பார். முதல் ஆட்டத்தில் மூன்று "ஹோம் ரன்" அடித்தார்.

கிளீவ்லாந்து குழுவின் மானேஜர் லூ புத்ரோ. அவரே ஆட்டக்காரரும் கூட. இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஒரு தந்திரம் செய்தார். வில்லியம்ஸ் மட்டை பிடித்தபோது, தன் ஆட்களை வலது பக்கமாக நகர்த்தினார். இடது பக்கம் ஏறக்குறையக் காலி. ஒரே ஒருவர்தான் அங்கே நின்றார். பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி இரு குழுக்களும் மீண்டும் மோதின. மீண்டும் அதே தந்திரம். இந்த முறை வில்லியம்ஸ் பந்தைக் காலியான இடது பக்கம் தூக்கி அடித்தார். பந்து உருண்டது. அவர் நாலு மூலையும் ஓடி வந்துவிட்டார்! அந்த ஒரே ஓட்டத்தில் பாஸ்டன் 1-0 என்று வென்றது. "அமெரிக்கன் லீக்" பட்டமும் கிடைத்தது.

வில்லியம்ஸ் தன் வாழ்நாளில் 521 ஹோம் ரன் எடுத்தார். பந்து மைதானத்துக்குள் இருக்கும்போதே ஓடி எடுத்தது இது ஒன்றுதான்.

ஆள் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு சக்தி, பார்த்தீர்களா? ஒரு வீரரை மடக்கவும் அது உதவியது. அவருக்குப் பட்டம் வாங்கித் தரவும் உதவியது!

புது விதி

பிற்காலத்தில் இந்தத் தந்திரம் பெருகியது. 2015 முதல் அமெரிக்காவின் பெரிய மைதானங்கள் எல்லாவற்றிலும் காமிராவும் ராடாரும் வைத்து ஒவ்வொரு பந்தையும் அளந்தார்கள். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று கணக்கு வைத்தே ஆட்களை நிறுத்தினார்கள்.

2023-ம் ஆண்டு ஒரு விதி வந்தது. சதுரத்தை ஒட்டி நிற்கும் நாலு பேரில், இரண்டாவது பேஸுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் நிற்க வேண்டும். பின்னால் புல்தரைக்குப் போய் நிற்கக் கூடாது.

2022-ல் மட்டைக்காரர்கள் ஆயிரம் முயற்சிக்கு 243 முறை வெற்றி பெற்றார்கள். 2023-ல் அது 248 ஆயிற்று. அந்த ஆண்டில் வேறு சில விதிகளும் மாறின. எனவே, முழுப் பெருமையும் இந்த விதிக்கே என்று சொல்ல முடியாது. ஆனால், ஆள் நிற்கும் இடத்துக்காகவே ஒரு நாட்டில் சட்டம் போட வேண்டி வந்ததே! "தி ஷோ 23" விளையாட்டிலும் அந்த விதியைச் சேர்த்தார்கள். அது நல்ல செயல்.

பழைய கருவி சொன்ன பாடம்

1980-ம் ஆண்டில் மேட்டல் கம்பெனியின் "இன்டெலிவிஷன்" கருவியில் ஒரு பேஸ்பால் விளையாட்டு வந்தது. அதில் ஆட்டக்காரர்கள் குச்சி குச்சியாகத்தான் இருப்பார்கள். முகமே கிடையாது.

ஆனால், கையில் பிடிக்கும் பொத்தான் பலகையின் மேல் மைதானப் படம் போட்ட தாளைச் செருகுவார்கள். எந்த இடத்து ஆட்டக்காரர் பந்தை எடுக்க வேண்டுமோ, அந்த இடத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். ஆடுகிற பிள்ளை, ஒன்பது இடங்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளும்.

1987-ம் ஆண்டில் "ஏர்ல் வீவர் பேஸ்பால்" வந்தது. ஏர்ல் வீவர் பால்டிமோர் குழுவின் புகழ் பெற்ற மானேஜர். அவர் யோசனையைக் கேட்டு, அதன்படி கம்ப்யூட்டர் முடிவு எடுக்கும்படி செய்தார்கள். பொத்தானை வேகமாக அமுக்கத் தெரியாதவரும், மானேஜராக இருந்து ஆடலாம்.

படம் சுமார். ஆனால் புத்தி அசல்!

யந்திரத்தின் திருட்டு

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். மட்டையில் பந்து பட்ட உடனே, அது எங்கே விழும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். கணக்குப் போடுவதே அதுதானே! அந்த விவரத்தைத் தன் ஆட்டக்காரருக்கு அது சொல்லிக் கொடுத்தால், அவர் கண்ணை மூடிக்கொண்டு சரியான இடத்துக்கு ஓடுவார்.

இது திருட்டு ஆட்டம். அசல் வீரர் பந்தைப் பார்த்து ஊகிக்கிறார். சில சமயம் ஏமாறுகிறார். யந்திரத்துக்குத் தெரிந்தது எல்லாம் ஆட்டக்காரருக்குத் தெரியக் கூடாது. மனிதரால் முடியாத வேகத்தில் அவர் ஓடவும் கூடாது. ஓடினால், எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும்.

"விளையாட்டுதானே!"

"குழந்தை பொழுதுபோக்க ஆடுகிறது. அதற்கு இவ்வளவு கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆறு வயதுக் குழந்தை ஏழு பேரை நகர்த்திக்கொண்டு இருக்க முடியாது. தொடக்கத்தில் கம்ப்யூட்டரே ஆட்களை நிறுத்தட்டும். பழகிய பிறகு பிள்ளை தானே நிறுத்தட்டும். ஏன் அங்கே நிறுத்த வேண்டும் என்பதை விளையாட்டு விளக்கிக் காட்டட்டும்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன்? பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து இருக்கிறது. அடிப்பவன் மட்டுமே வீரன் என்று அது கற்றுக்கொள்ளலாம். அல்லது, அடிப்பதற்கு முன்பே யோசித்து நின்றவனும் வீரன் என்று கற்றுக்கொள்ளலாம். பந்து ஒருவரிடம் போகும்போது, அது தவறினால் பிடிக்க இன்னொருவர் பின்னால் ஓடுகிறார். அவரை யாரும் பார்ப்பது இல்லை. அவர் இல்லாவிட்டால் ஆட்டம் போய்விடும்! அவரையும் பிள்ளை பார்க்க வேண்டாமா?

எனவே, பெற்றோர்களே! பேஸ்பால் விளையாட்டு வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஆட்களை இடம் மாற்றி நிறுத்த முடியுமா? இடம் மாறினால் ஆட்டத்தின் முடிவு மாறுமா? பந்து வராத ஆட்டக்காரரும் வேலை செய்கிறாரா?

மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் தைரியமாக வாங்குங்கள். "இல்லை" என்றால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்குத்தான், ஆட்டத்துக்கு அல்ல.