சிரமதானமா, இராஜகாரியமா?

ஊரைத் துப்புரவாக்க வாரீர் என்னும் அழைப்பு கண்டி மாநகரில் காலத்துக்குக் காலம் எழுவது வழக்கம். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி 'கிளீன் ஸ்ரீலங்கா' என்னும் அரச திட்டம் தொடங்கப்பட்ட பின்னர் அக்குரல் மேலும் ஓங்கியது. மக்கள் தம் தெருவையும் வாய்க்காலையும் பேணத் தாமே முன்வர வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும், அவர்களை அழைப்பது கூட்டுவதற்கு மட்டுமா, ஊரைப் பற்றித் தீர்மானிப்பதற்குமா? இந்தக் கேள்விக்கு விடை தராமல் துடைப்பத்தை மட்டும் கையில் கொடுப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

இக்கேள்வி கண்டிக்குப் புதியதன்று. இன்று பயணிகள் கண்டு வியக்கும் ஏரி, கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் ஆணைப்படி 1812ஆம் ஆண்டளவில் உருவானது. அதனை உருவாக்கியது இராஜகாரியம் என்னும் கட்டாய உழைப்பு. மண் சுமந்த குடியானவனிடம் ஏரி வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை. ஆங்கிலேயர் 1832இல் இராஜகாரியத்தை ஒழித்தனர். ஆனால் பதினாறே ஆண்டுகளில், 1848இல், அவர்களே வீதிச் சட்டம் ஒன்றை இயற்றினர். வயதுவந்த ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும். அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும். அவ்வீதிகளால் பெரும்பயன் அடைந்தோர் கோப்பித் தோட்ட முதலாளிகள். இதனோடு வேறு வரிகளும் சேரவே மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்டு 8ஆம் திகதி இதே கண்டி நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஊருக்காக உழைப்பதை அம்மக்கள் வெறுத்தனரா? இல்லை. தமக்குச் சொல்லுரிமை இல்லாத உழைப்பையே வெறுத்தனர். உழைப்பு உன்னுடையது, தீர்மானம் என்னுடையது என்று ஆள்வோர் கூறுவார்களாயின், அதற்கு எத்தனை அழகிய பெயர் சூட்டினாலும் அது இராஜகாரியமே.

சிரமதானம் என்னும் சொல் இந்நாட்டில் வேரூன்றிய வரலாறு வேறு. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். சாதியின் பேரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களோடு தங்கி அவர்கள் உழைத்தனர். அந்த மண்வெட்டி நிலத்தை மட்டும் கொத்தவில்லை, தீண்டாமையையும் கொத்திற்று. சர்வோதயத்தின் பிற்காலப் பாதை பற்றி நமக்கு மாறுபட்ட கருத்து இருக்கலாம். அந்த முதல் அடி மட்டும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்றும் பாடமாகும்.

அப்பாடத்தைக் கண்டி கற்றிருக்கின்றதா? அதற்கு விடை மகியாவையில் இருக்கின்றது. ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நகரசுத்தித் தொழிலுக்கெனக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் அங்கே நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்கின்றனர். அரை நாள் துடைப்பம் பிடித்தவன் படம் பத்திரிகையில் வருகின்றது. தலைமுறை தலைமுறையாக நகரைக் கூட்டியவன், தன் முகவரியைச் சொன்னால் இழிவாகப் பார்ப்பார்களோ என்று கூசுகின்றான். நகரத்துக்குத் தூய்மையும் நகரத்தைத் தூய்மை செய்தவனுக்கு இழிவும் என்பது என்ன நீதி? மகியாவைக்குள் நுழையாத சிரமதானம் எமக்கு வேண்டுவதில்லை.

இனி, துடைப்பம் செய்யக்கூடியது எது, செய்யவியலாதது எது என்பதையும் பார்ப்போம். ஏரியின் மிகைநீரை ஏந்தி நகரின் நடுவே ஓடும் மெத எல, கெட்டம்பேயில் மகாவலியோடு கலக்கின்றது. அவ்வாய்க்காலில் கிடக்கும் போத்தல்களை நாம் பொறுக்கலாம், பொறுக்கவும் வேண்டும். ஆனால் நகரத்தின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்த கொஹாகொட மேடும் மகாவலிக் கரையிலேயே இருக்கின்றது. நகரின் குடிநீருக்கு ஆதாரமும் அந்த மகாவலியே. நாம் பொறுக்கிய குப்பை எங்கே போகின்றது என்று கேட்காவிடின், ஊரின் ஒரு மூலையிலுள்ள அழுக்கை இன்னொரு மூலைக்குச் சுமந்தவர்களாவோம். கழிவுநீர்க் குழாயைச் சிரமதானத்தால் பதிக்க முடியாது. அதற்குப் பொதுப்பணம் வேண்டும். கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டத்துக்கு 2010இல் ஜப்பானியக் கடன் பெறப்பட்டது. கடனைத் தீர்ப்போர் மக்கள். எந்தத் தெரு இணைக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று கேட்கும் உரிமையும் அவர்களுடையதே.

மக்கள் ஒத்துழைப்பதில்லை என்று குறைகூறும் அதிகாரிகளுக்கு ஒரு சொல். 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. நிதியில்லை என்று தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. 2025 மே 6ஆம் திகதி வரை மக்களுக்குத் தம் சபையைத் தெரிவுசெய்யும் வாய்ப்பே கிட்டவில்லை. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் நிலை இதனினும் கொடியது. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட மக்கள் அவர்கள். அவ்வுரிமை படிப்படியாகத் திரும்பிய பின்னரும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். லயத்தின் முன்னே ஓடும் சாக்கடைக்குத் தோட்டமும் பொறுப்பில்லை, சபையும் பொறுப்பில்லை என்று இத்தனை காலம் வைத்திருந்துவிட்டு, அம்மக்களுக்குச் சுகாதார அறிவில்லை என்பது வெட்கக்கேடு.

ஆயினும், குற்றம் முழுவதையும் பிறர் தலையில் ஏற்றிவிட்டு நாம் தப்ப முடியாது. "இது சபையின் வேலை, சமுதாய அமைப்பு மாறினால் சாக்கடையும் மாறும்" என்று தேநீர்க்கடையில் தீர்ப்புக் கூறிக் கலைவது நமக்குள் வேரோடிவிட்ட நோய். மெத எலவின் நீரையும் கொஹாகொடவின் கழிவையும் ஆராய்ந்த கட்டுரைகள் பேராதனையில் உண்டு. அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உறங்குகின்றன. அவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அவ்வாய்க்காலின் கரையில் வாழ்வோரிடம் சேர்க்க நம்மைத் தடுத்தது எந்த முதலாளித்துவம்? சாக்கடையைக் காணாத சித்தாந்தம் சமுதாயத்தை எங்ஙனம் மாற்றும்?

ஆகவே நாம் செய்ய வேண்டியவை தெளிவானவை. தெருவுக்கொரு குழு அமைப்போம். அதில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் அமரட்டும். 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்ட மாவட்டம் இது. ஒரே வாய்க்காலைப் பேணுவோர் ஒருவரையொருவர் அறிந்திருப்பது சிறிய காரியமன்று. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. நம் வட்டாரத்துக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எழுதிக் கேட்போம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அதிகாரி தம் முடிவைக் கூற வேண்டும் என்பது சட்டம். தோட்டத்து இளைஞருக்கு அம்மனுவை எழுதப் பழக்குவது ஆசிரியரின் கடமை. நகரசுத்தித் தொழிலாளரின் வீடு, கூலி, கையுறை பற்றிய கோரிக்கையை நம் குழுவின் முதற் கோரிக்கையாக வைப்போம்.

பின்னர் மண்வெட்டியை எடுப்போம், தயங்காமல் எடுப்போம். ஒரு கையில் மண்வெட்டியும் மறுகையில் சபையின் வரவு செலவுக் கணக்கும் ஏந்தி வரும் மக்களை எந்த ஆட்சியும் வெறும் கூலிகளாக நடத்த முடியாது. அன்றுதான் கண்டியில் இராஜகாரியம் உண்மையாக ஒழிந்ததாகும்.