நான்காவதாக வந்தவர்

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில், 1952ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவைக் கண்ட அதே மைதானத்தில், முதலாவது உலகத் தடகளப் போட்டி கூடியது. 1976இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கை ஆப்பிரிக்க நாடுகள் பலவும், 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்காவும் அதன் சிநேக நாடுகளும் பகிஷ்கரித்திருந்தன. ஹெல்சிங்கிக்கு அடுத்த ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வர சோவியத் அணி மறுக்கப்போகிறது. இத்தகைய பிணக்குகளுக்கு நடுவே கிடைத்த அந்த ஒரு வாரத்தில், 150க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் கொடி பேதமின்றி ஒரே கோட்டில் குனிந்து நின்றார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தப் போட்டிக்குச் சரித்திரத்தில் உள்ள ஸ்தானம் விளங்கும். அங்கே ஓடிய ஒரு மனிதரைப் பற்றியே இன்று எழுத வேண்டியிருக்கிறது. அவர் பெயர் கால்வின் ஸ்மித்.

அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாகாணத்தில் போல்டன் என்னும் சிற்றூரில் 1961இல் பிறந்த இவர், மெலிந்த தேகமும் அடக்கமான சுபாவமும் உடையவர். ஹெல்சிங்கிக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 3ஆம் தேதி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் 100 மீட்டர் தூரத்தை 9.93 விநாடியில் ஓடி, 1968இல் மெக்ஸிகோ நகரில் ஜிம் ஹைன்ஸ் நிறுவிய 9.95 என்ற உலக சாதனையை இவர் முறியடித்திருந்தார். கொலராடோ மலைப்பிரதேசம், அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, ஆகவே ஓடுவது எளிது என்று சிலர் குறை கூறுவதுண்டு. ஆனால் மெக்ஸிகோ நகரமும் அத்தகைய உயரத்தில் உள்ளதே என்பதையும், ஹைன்ஸின் சாதனையை அந்தக் காரணம் காட்டி எவரும் தள்ளிவைக்கவில்லை என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை.

ஹெல்சிங்கியில் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் கார்ல் லூயிஸ் 10.07 விநாடியில் முதலாவதாகவும், ஸ்மித் 10.21 விநாடியில் இரண்டாவதாகவும் வந்தார்கள். லூயிஸோ நீளம் தாண்டுதலிலும் தொடரோட்டத்திலும் தங்கம் வென்று, பார்த்தவர் கண்களையெல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனால் லூயிஸ் கலந்துகொள்ளாத 200 மீட்டர் ஓட்டத்தில், வளைவிலிருந்து வெளிப்பட்டு நேர்ப்பாதையில் விரைந்து வந்து, 20.14 விநாடியில் வென்று, அந்தத் தூரத்துக்கு முதல் உலகச் சாம்பியன் என்ற கீர்த்தியைப் பெற்றவர் ஸ்மித். 1979 முதல் 19.72 என்ற உலக சாதனையைத் தம் வசம் வைத்திருந்த இத்தாலிய வீரர் பியெத்ரோ மென்னேயாவால் அதே ஓட்டத்தில் மூன்றாவதாகவே வர முடிந்தது. 37.86 விநாடியில் உலக சாதனை படைத்த தொடரோட்ட அணியிலும், லூயிஸின் கையில் கோலைக் கொடுத்தவர் இவரே. சில நாட்கள் கழித்து ஜூரிச் நகரில் ஒரே மாலைப்பொழுதில் 100 மீட்டரை 9.97 விநாடியிலும் 200 மீட்டரை 19.99 விநாடியிலும் ஓடி முடித்தார். பத்து விநாடி, இருபது விநாடி என்ற இரண்டு எல்லைகளையும் ஒரே நாளில் கடந்தவர் அதற்கு முன் எவருமில்லை.

ஹெல்சிங்கியில் ஊக்கமருந்து உண்டதாக ஒருவர்கூட அகப்படவில்லை என்று அன்று சொல்லப்பட்டது. அதே மாதத்தில் வெனிசுலாவின் கராகஸ் நகரில் நடந்த பான் அமெரிக்கப் போட்டியில் பரிசோதனை முறை கடுமையாக்கப்பட்டதும், பளுதூக்குவோர் பலர் அகப்பட்டார்கள். தடகளத்துக்கு வந்த அமெரிக்கர்கள் பன்னிருவர் போட்டியிடாமலே ஊர் திரும்பினார்கள். அந்தக் காலத்தின் காற்று எத்தகையது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

1988 செப்டம்பர் 24ஆம் தேதி சியோல் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நடந்ததை உலகம் மறக்கவில்லை. கனடா நாட்டு வீரர் பென் ஜான்சன் வலக்கையை உயர்த்தியபடியே 9.79 விநாடியில் கோட்டைக் கடந்தார். மூன்று நாட்கள் கழித்து, அவருடைய சிறுநீரில் ஸ்டானோஸோலால் என்னும் மருந்து காணப்பட்டதென்று அறிவித்துப் பதக்கத்தைப் பறித்தார்கள். லூயிஸுக்குத் தங்கமும், லின்ஃபோர்ட் கிறிஸ்டிக்கு வெள்ளியும், 9.99 விநாடியில் நான்காவதாக வந்திருந்த ஸ்மித்துக்கு வெண்கலமும் என்று ஸ்தானங்கள் மாறின. இந்தக் கதையை நாம் எத்தனை முறை படித்திருப்போம்! படித்த ஒவ்வொரு முறையும் ஜான்சனின் பெயரே தலைப்பில் நின்றது. அவருடைய வீழ்ச்சியைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டிருக்க, நான்காவது ஸ்தானத்திலிருந்து மூன்றாவதற்கு வந்தவரைப் பற்றி ஒரு வாக்கியத்துடன் நிறுத்திக்கொண்டோம். இது பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எங்களுடைய குற்றம். அதை ஒப்புக்கொள்வதே முறை.

அன்று ஓடிய எண்மரில் அறுவரின் பெயர், தங்கள் வாழ்நாளில் ஏதேனும் ஒரு சமயத்தில், ஊக்கமருந்து விவகாரம் ஒன்றோடு சம்பந்தப்பட்டது. அவற்றுள் சில நிரூபணமானவை, சில மன்னிக்கப்பட்டவை, சில பிறருக்கு உதவியதாக எழுந்த புகார்கள். எல்லாவற்றையும் ஒரே தராசில் இடுவது நியாயமாகாது. எனினும் அபவாதம் எதுவும் தீண்டாத இருவருள் ஸ்மித் ஒருவர், மற்றவர் பிரேசில் நாட்டு ராப்ஸன் ட சில்வா. ஒரு மனிதனின் அந்தரங்கத்தை நாம் அறிய முடியாது என்பது உண்மையே. ஆயினும் இத்தனை ஆண்டுகளாக எவரும் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாதபடி நின்ற பெயருக்கு உரிய மரியாதையைச் செய்ய, அந்தரங்கம் அறியும் ஞானம் நமக்கு வேண்டியதில்லை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஜான்சன் 1987இல் ரோமாபுரியில் ஓடிய 9.83 என்ற உலக சாதனையும், அவர் ஊக்கமருந்து பற்றிய விசாரணைக் கமிஷன் முன் சத்தியப் பிரமாணம் செய்து உண்மையை ஒப்புக்கொண்ட பிறகு, 1989இல் ரத்தாயிற்று. அப்படியானால் 1983 ஜூலையில் ஸ்மித் ஓடிய 9.93, இடையில் லூயிஸ் அதைச் சமன் செய்தாரேயன்றி மிஞ்சாமல், சியோல் ஓட்டம் வரையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நியாயமான உலக சாதனையாக இருந்திருக்கிறது. சியோலில் லூயிஸ் 9.92 விநாடியில் ஓடியபோதுதான் அது மெய்யாகவே முறிந்தது. தம் சாதனை முறிகிற அதே ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தும், அது போய் ஓராண்டாகிவிட்டதென்று எல்லாரையும் போல ஸ்மித்தும் நம்பியிருந்தார். ஒருவனுடைய பொருளைத் திருடுவது ஒரு குற்றம்; அது அவனிடம் இருந்த நாட்களில் அதை அநுபவிக்கவொட்டாமல் செய்வது, அதனினும் கொடியதென்றே எனக்குத் தோன்றுகிறது.

காலந்தாழ்த்திச் சேரும் பதக்கங்களைப் பகிரங்கமான விழாவில் பெற்றுக்கொள்ளும் உரிமையை, சர்வதேச ஒலிம்பிக் குழு 2018இல் வகுத்தது. 2024இல் பாரிஸில், ஈபில் கோபுரத்துக்கு எதிரே திரண்ட ஜனங்களின் முன்னிலையில், பத்து வீரர்கள் அவ்வாறு பல ஆண்டுகள் பிந்திய பதக்கங்களை அணிந்துகொண்டார்கள். போற்றத்தக்க ஏற்பாடு. இதை அண்மைக் காலத்தவருக்கு மட்டும் உரியதாக்காமல், 1988க்கும் விரித்து, ஸ்மித்தை மேடைக்கு அழைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஹெல்சிங்கி மைதானத்தின் அருகே ஒரு கோபுரம் நிற்கிறது. அதன் உயரம் 72 மீட்டர் 71 சென்டிமீட்டர். 1932 ஒலிம்பிக்கில் மாட்டி யார்வினென் என்ற பின்லாந்து வீரர் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற தூரம் அது. ஒருவர் நேர்மையாக எறிந்த தூரத்தைக் கட்டடமாகவே எழுப்பி வைத்த அந்த ஊரில், முதல் உலகச் சாம்பியனாக ஸ்மித் வெற்றிக்கோட்டைக் கடந்த அதே தடத்தின் ஓரத்தில், அந்த வெண்கலப் பதக்கத்தை ஜனங்கள் எழுந்து நிற்க அவர் கழுத்தில் அணிவிக்கட்டும்.