பாரதிபுரமும் வவுணதீவும்

உயிர்த்த ஞாயிறு தாக்குதலைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், எங்கள் ஊரான தம்பலகாமத்தில் அது பொலிசில் போய்த்தான் முடியும். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கைத் தகவல் வந்துவிட்டது. 9ஆம் திகதி, தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பெயரோடு பொலிசுக்குள் கடிதம் போனது. 21ஆம் திகதி காலையில் தேவாலயங்களைக் காக்க யாரும் வரவில்லை. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் போனார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், அப்போதைய பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி ரூபாயும் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. அதைப் பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். தாக்குதலுக்கு ஐந்து மாதம் முன்பு எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே நடந்த ஒன்றைப் பற்றி அநேகமாகப் பேசவே இல்லை.

2018 நவம்பர் 30. மட்டக்களப்பு வவுணதீவுச் சோதனைச்சாவடியில் காவலில் நின்ற இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் கழிந்து மூன்றே நாள். சந்தேகம் முன்னாள் போராளிகள் மேல் விழுந்தது. ஒருவர் கைதாகி உள்ளே இருந்தார். நாங்கள் என்ன செய்தோம்? பத்திரிகையைப் படித்து மடித்து வைத்தோம். ஏதாவது இருந்திருக்கும், இல்லாவிட்டால் ஏன் பிடிக்கிறார்கள் என்றோம். பேசினால் நம் வீட்டுப் பிள்ளையையும் விசாரிக்க வருவார்கள் என்று ஒதுங்கினோம். பயத்துக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எல்லா நேரமும் அது பயம் மட்டுமல்ல. பேசாமல் இருப்பது வசதியாகவும் இருந்தது. அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்பது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. அதன் பின்னரே அந்த மனிதர் விடுதலையானார். தவறான ஆளைப் பிடித்துவிட்டுப் பொலிஸ் ஆறியிருந்த அந்த ஐந்து மாதமும், தவறாக இருக்குமோ என்று உரக்கக் கேட்க நாங்களும் முன்வரவில்லை.

வேறு எந்த ஊர் கேட்காமல் விட்டாலும் எங்கள் ஊர் கேட்டிருக்க வேண்டும். 1998 ஜனவரி 25ஆம் திகதி கண்டி தலதா மாளிகையில் விடுதலைப் புலிகள் குண்டு வெடிக்க வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து, பெப்ரவரி 1ஆம் திகதி, தம்பலகாமம் பாரதிபுரத்தில் எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் பொலிசாரும் ஊர்காவல் படையினரும். இறந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. கண்டிக்கான பழி என்றே அன்று பேசப்பட்டது. மூன்று நாளில் கொழும்பில் ஐம்பதாவது சுதந்திர தினக் கொண்டாட்டம். ஒரு தாக்குதலுக்குப் பதில் என்ற பெயரில், அதில் சம்பந்தமே இல்லாதவர்களின் வீட்டுக்குப் பொலிஸ் வந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் எங்கள் முற்றத்தில் கண்டவர்கள்.

கண்டும் அதை என்ன செய்தோம்? ஆரம்பத்தில் சிலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சாட்சி சொல்ல முன்வந்தார்கள். அவர்களோடு பொலிசார் மீதான வழக்கின் தவணைக்குப் போய் இருக்க ஊரிலிருந்து எத்தனை பேர் எழுந்தோம்? அந்த எட்டுப் பேரின் பெயரை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? வருடம் ஒருமுறை விளக்கேற்றும் பொறுப்பை அந்தக் குடும்பங்களின் தலையிலேயே விட்டுவிட்டு, வயல் வேலைக்கும் கோணநாயகர் கோயில் திருவிழாவுக்கும் திரும்பிவிட்டோம். தலதா மாளிகை வாசலில் இறந்தவர்களுக்காகவும் நாங்கள் ஒரு வார்த்தை துக்கம் சொல்லவில்லை. அவர்களில் வழிபடப் போனவர்களும் உண்டு. எட்டுப் பேருக்காக அழுவதும் அவர்களுக்காக அழுவதும் ஒன்றையொன்று குறைக்காது என்று அன்றே சொல்லும் தைரியம் எங்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

விடாமல் கேட்டவர்களும் உண்டு. லண்டனில் 2005 ஜூலையில் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்த இரண்டு வாரத்தில், பிரேசிலிலிருந்து வந்த மின்தொழிலாளி ஒருவரைக் குண்டுதாரி என்று நினைத்துப் பொலிசார் ஸ்டொக்வெல் நிலையத்தில் சுட்டுக் கொன்றார்கள். அங்கே எந்தப் பொலிஸ்காரரும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. ஆனால் குடும்பமும் ஊராரும் கேள்வியைக் கைவிடவில்லை. 2007இல் ஜூரிகள் லண்டன் பொலிஸ் அமைப்பையே குற்றவாளி என்றார்கள். எங்கள் நிலம் வேறு, எங்கள் ஆபத்து வேறு. இருந்தாலும் அந்த விடாப்பிடியை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு பேசுவதற்கான எங்கள் முறை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை தேடப்பட்டவர்கள் முஸ்லிம்கள். முஸ்லிம்கள் வாழும் முள்ளிப்பொத்தானையும் கிண்ணியாவும் எங்களுக்கு அயலூர்கள். ஒரே குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறோம். கிண்ணியாத் தயிர் இல்லாமல் இங்கே விருந்தில்லை. அந்த வாரங்களில் அவர்களின் கடைகளைத் தாண்டி நடந்தோம். பஸ்ஸில் பக்கத்து இருக்கையை வெறுமையாக விட்டோம். காத்தான்குடியில் சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டவர்களே முஸ்லிம்கள்தான் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. எங்களைச் சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தி, ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன் நடக்கவிட்ட காலத்தில் நாங்கள் எந்த வார்த்தைக்காக ஏங்கினோமோ, அந்த வார்த்தையை அயலவருக்குச் சொல்லவில்லை.

செய்யக்கூடியது இன்னும் நிறைய இருக்கிறது. 1998ஐக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி வைக்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலை நகரில்தான் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம். அடுத்த முறை யாரையாவது கொண்டுபோனால், அந்த வீட்டார் எந்த மொழியில் தொழுதாலும் கும்பிட்டாலும், அன்றே நாலைந்து பேர் அங்கே போவோம். எங்கே கொண்டுபோனார்கள், ஆணைக்குழுவுக்கு அறிவித்தார்களா என்று பொலிஸ் நிலையத்தில் அவர்களோடு சேர்ந்து கேட்போம். முள்ளிப்பொத்தானையிலிருந்தும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவோம்.