இலையின் பச்சையும் கடலின் கபிலமும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அணைத்து நிற்கும் குன்றுகளின் பசுமையைக் கண்டு மகிழாதார் இலர். வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவைச் சூழ்ந்த முருகைக்கற்களோ பெரும்பாலும் கபில நிறத்தன. குன்றின் பச்சைக்கும் கடலடியின் கபிலத்துக்கும் உறவு உண்டென்றால் நம்புதல் அரிது. ஆயினும் இரண்டும் ஒரே தொழிலின் நிறங்களே. சூரிய ஒளியின் துணையால் நீரையும் காபனீரொட்சைட்டையும் உணவாக்கி, ஒட்சிசனை வெளிவிடும் ஒளித்தொகுப்பே அத்தொழில்.

முதலில் இலையை நோக்குவோம். இலையின் கலங்களுள்ளே பச்சையவுருவங்கள் என்னும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. ஒன்றன் நீளம் ஏறத்தாழ 5 மைக்கிரோமீற்றர். 200 உருவங்களை வரிசையாக வைத்தாலே ஒரு மில்லிமீற்றர் ஆகும். ஒவ்வொன்றையும் இரு மென்சவ்வுகள் போர்த்துள்ளன. உள்ளே பஞ்சணை என்னும் நிறமற்ற குழம்பும், அதனிடையே காசுகளை அடுக்கி வைத்தாற்போன்ற சவ்வடுக்குகளும் உள. இவ்வடுக்குகளை மணியுருக்கள் என்பர். சவ்வுகளிற் பதிந்த நிறப்பொருள்கள் ஒளியைப் பிடிக்கின்றன. பிடித்த சக்தியைக் கொண்டு பஞ்சணையிலே வெல்லம் ஆக்கப்படுகின்றது.

நிறப்பொருள் ஒன்றன்று. பச்சையம்-ஏ நீலப்பச்சை, பச்சையம்-பி மஞ்சட்பச்சை, கரோட்டின் செம்மஞ்சள், சாந்தோபில் மஞ்சள். பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் மிகுதியாக உறிஞ்சும். பச்சை ஒளியைக் குறைவாகவே கொள்ளும். ஆகவே நாம் இலையிற் காணும் பசுமை, இலை உண்டது போக எஞ்சிய ஒளியே. கீரையை நசுக்கி, பெரியோர் துணையுடன் மருந்துக்கடைச் சாராயத்தில் ஊறவைத்து, அச்சாற்றில் வடிதாட் கீற்றொன்றின் நுனியைத் தோய்த்து நிறுத்துக. சிறிது நேரத்தில் பச்சையும் மஞ்சளும் பிரிந்து தோன்றக் காணலாம்.

இனிக் கடலுக்குச் செல்வோம். முருகைக்கல் வெறுங்கல் அன்று; சிறு விலங்குகள் கூடிக் கட்டிய குடியிருப்பு. அவ்விலங்குகளின் உடற்கலங்களுள்ளே ஒருகலப் பாசிகள் வாழ்கின்றன. அவற்றின் பச்சையவுருவத்துக்கு மூன்று சவ்வுகள். உள்ளே மணியுருக்கள் இல்லை. சவ்வுகள் பெரும்பாலும் மும்மூன்றாக அடுங்கியுள்ளன. பச்சையம்-ஏ, பச்சையம்-சி ஆகியவற்றுடன் பெரிடினின் என்னும் நிறப்பொருளும் அங்கு உண்டு. நீரூடே இறங்கும் நீலப்பச்சை ஒளியைப் பிடிப்பது அதன் தொழில். முருகைக்கல்லின் கபில நிறத்துக்கும் அதுவே பெருங்காரணம். பாசி தான் ஆக்கும் உணவிற் பெரும்பகுதியைத் தன்னைத் தாங்கும் விலங்குக்கே அளிக்கின்றது.

கடல்நீர், கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தினும் ஒரு பாகை மிகுந்து சில வாரம் நிலைத்தாற் போதும், இவ்வுறவு முறிகின்றது. வெப்பத்தால் ஒளித்தொகுப்புப் பொறி பழுதுற, நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் வகைகள் தோன்றுகின்றன. விலங்கு பாசியை வெளியேற்றுகின்றது. நிறம் நீங்க, வெண்ணிற எலும்புக்கூடு தெரிகின்றது. இதனையே வெளிறல் என்பர்.

இந்து சமுத்திரம் வெம்மையுற்ற 1998 இல், இலங்கையின் தென், மேற்குக் கரைகளில் ஆழங்குறைந்த இடத்து முருகைக்கற்கள் பெருமளவில் மடிந்தன. திருக்கோணமலைப் பகுதி தப்பியது. புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. எனினும் ஒருமுறை தப்பியது என்றும் தப்பும் என்பதற்கு உறுதி யாது?

வெளிறிய முருகைக்கல் உடனே இறந்ததாகாது. வெம்மை விரைவில் தணியின் பாசி மீளும், உயிரும் மீளும். ஆனால், காலால் மிதிபட்டும் நங்கூரத்தால் உடைபட்டும் நலிந்த கல் அத்துணை வலிமை பெறாது. கடலின் வெப்பத்தை நாம் தனித்துத் தணித்தல் இயலாது. காலை எடுத்து வைக்கும் இடத்தை நோக்குதல் இயலும். விடுமுறையில் புறாத்தீவு செல்லும் குடும்பத்தினர் இதனைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி அழைத்துச் செல்வாராக. மீனுக்கு உறைவிடமும், மீனவர் வீட்டு உலைக்கு அரிசியும் அக்கபில நிறத்தை நம்பியே உள்ளன.