ஊறுகாய் போடாதீங்க சாமி!

பைத்தானில் பொட்டி தட்டுகிற மக்களே, இன்னைக்கு ஒரு சண்டைக்கு வந்திருக்கேன். இங்கே புனேயில் எங்க ஆபீசில் வந்து சேருகிற பசங்க எல்லாருக்கும் ஒரே வியாதி. மாசக்கணக்கா அளந்து சேர்த்த எண்களை டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைங்கன்னா, "அதெல்லாம் பழைய காலம் சார்"னு ஒரு சிரிப்பு. எதுக்கெடுத்தாலும் பிக்கிள். பிக்கிள்னா ஊறுகாய்தானே? நம்ம வீட்டு மாவடு ஒரு வருஷம் தாங்கும். இந்த ஊறுகாய்க்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஏன்னா பிக்கிள் எண்ணை மட்டும் வைக்கிறதில்லை. அது எந்த கிளாசில் உட்கார்ந்திருந்ததோ, அதோட பேரையும் விலாசத்தையும் குறிச்சுக்கும். அந்த மாட்யூல் காணாமப் போனா ஃபைல் திறக்காது. எங்க டீமில் ஒருத்தர் வேலை மாறிப் போனார். மூணு மழைக்காலத்து சென்சார் அளவுகள் அத்தனையும் அவர் போட்ட ஊறுகாய். ஒண்ணும் திறக்கலை. பாவம் ஒரு பொண்ணு, ரெண்டு வாரம் உட்கார்ந்து அவரோட கிளாசை ஊகிச்சு எழுதித் திறந்தா. உள்ளே என்ன? நேரம் ஒரு பத்தி, வெப்பநிலை ஒரு பத்தி. அவ்வளவுதான்!

"நாங்க வெறும் நம்பை அர்ரேயைத்தானே பிக்கிள் பண்றோம்"னு கிளம்புவீங்க. 2024இல் நம்பை 2.0 வந்தப்போ உள்ளே ஒரு மாட்யூலோட பேரையே மாத்தினாங்க. அதில் போட்ட பிக்கிளை 1.25 மாதிரி பழைய நம்பையில் திறந்து பாருங்க, அப்படி ஒரு மாட்யூலே இல்லைன்னு கையை விரிக்கும். தவிர, யாரோ அனுப்பின பிக்கிளைத் திறந்தா உள்ளே ஒளிஞ்சிருக்கிற புரோகிராமும் ஓடலாம். பைத்தான் கையேடே எச்சரிக்குது. 2019இல் வந்த நம்பை 1.16.3லிருந்து, நீங்க தனியா அனுமதி கொடுத்தாத்தான் அதோட லோட் பிக்கிளைத் தொடும்.

சரி, சேவ்டெக்ஸ்ட் மேலே என்ன குறை? இடம் அடைக்குமாம். உண்மைதான். 10 லட்சம் எண்கள் பைனரியில் 8 எம்பி, சேவ்டெக்ஸ்டை அப்படியே விட்டா சுமார் 25 எம்பி. ஒரு கல்யாண வீடியோ எத்தனை எம்பி சார்? ஃபைல் பேரை ஜிஇசட்னு முடிச்சா அதுவே சுருக்கியும் கொடுக்கும். திரும்பப் படிக்க லேட்டாகும்னு சொன்னதிலே ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 2022இல் 1.23 வந்தப்போ லோடுடெக்ஸ்டை சி மொழியில் திருத்தி எழுதிட்டாங்க.

டெக்ஸ்ட் கட்சியிலேயும் சில புண்ணியவான்கள் உண்டு. பார்க்க அழகா இருக்கணும்னு ரெண்டு தசமத்தோட வெட்டிடுவாங்க. 1961இல் லோரன்ஸ் தன்னோட வானிலைக் கணக்கைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்ட, 0.506127க்குப் பதிலா காகிதத்தில் அச்சாகியிருந்த 0.506ஐக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வானிலையே வேற மாதிரி போயிடுச்சு. அவருக்கு அதிலிருந்து ஒரு புது அறிவியலே கிடைச்சது. நமக்கு மேனேஜர்கிட்ட திட்டுதான் கிடைக்கும். 64 பிட் எண்ணுக்கு 17 இலக்கம் எழுதினா ஒரு பிட்கூட மாறாம திரும்பி வரும். சேவ்டெக்ஸ்ட் தானாவே 19 எழுதுது. 0.1ஐ 0.1000000000000000056னு எழுதுதேன்னு கிண்டல் பண்றவங்க, கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிறது அதுதான்னு தெரிஞ்சுக்கோங்க.

முப்பரிமாண அர்ரேயைக் கொடுத்தா சேவ்டெக்ஸ்ட் முரண்டு பிடிக்கும். அதுக்கு என்பிஒய் ஃபைல் இருக்கு, வடிவத்தையும் வகையையும் தன் தலையிலேயே எழுதி வைச்சுக்கும். அதில் எனக்குச் சண்டையே இல்லை. மத்ததுக்கெல்லாம் டெக்ஸ்ட் ஃபைல் போட்டு, ஹெடரில் ஒரு வரி எழுதுங்க: நேரம் நொடியில், வெப்பநிலை செல்சியஸில், அளந்த தேதி, அளந்தவர் பேர். மேலே சொன்ன பொண்ணு ஃபைலைத் திறந்த பிறகு மூணாவது வாரம் எதுக்குச் செலவாச்சு தெரியுமா? அந்த நேரம் இந்திய நேரமா, கிரீன்விச் நேரமான்னு கண்டுபிடிக்க.