மண் சுமந்த கூலியாள்

ஆவணி மூலத் திருநாளில் மதுரைச் சொக்கநாதப் பெருமான் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகின்றார். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமானும் அவ்விழாவுக்கு வந்து சேர்கின்றனர். இறைவன் கூடையும் மண்வெட்டியும் கொண்டு மண் சுமந்த லீலை அடியார் கண்முன் நிகழ்த்திக் காட்டப்படுகிறது.

கதை யாவரும் அறிந்ததே. அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராகிய வாதவூரர், குதிரை வாங்குவதற்காகக் கருவூலப் பொருளுடன் புறப்பட்டார். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருநாதரைக் கண்டார்; கொண்டு சென்ற பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்டார். நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மீண்டும் நரிகளாக மாறி ஓடியதும் மன்னன் சினம் கொண்டு அவரை வைகையின் சுடுமணலில் நிறுத்தித் தண்டித்தான். வைகை பெருகிக் கரை உடைந்தது. கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்கோ ஆள் துணை இல்லை. அப்போது கூலியாள் ஒருவன் வந்து நின்றான். உதிர்ந்த பிட்டே அவன் கேட்ட கூலி.

இக்கதையில் கேட்போர் எளிதில் கடந்து போகும் இடங்கள் இரண்டு உண்டு.

வாதவூரர் அரச தண்டனைக்கு ஆளானவர் என்பதைப் புராணம் மறைக்கவில்லை. நம்பி ஒப்படைத்த பொருளை வேறு வகையில் செலவிட்டார் என்பதே அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு. ஆயினும் மார்கழி விடியலில் அவர் பாடிய திருவெம்பாவை ஒலிக்கும்போது, அவர் மணலில் நின்ற நாளை எவரும் எண்ணுவதில்லை. தண்டனைக்குப் பின் அவர் செய்தவையே அவருடைய பெயராக நிலைத்தன.

மற்றொன்று வந்தியின் செயல். வந்து நின்றவனிடம் அவள் ஊரைக் கேட்கவில்லை. குலத்தையோ கல்வியையோ கேட்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. அவனுக்குக் கைகள் இருந்தன. கூலியை முன்னதாகவே பேசி முடித்து, பேசியபடியே கொடுத்தாள்.

இன்று வந்தியைப் போன்ற ஒருவருக்காகக் காத்திருக்கும் இல்லங்கள் பல. பேரன் பத்தொன்பது வயதில் தெருச் சண்டை ஒன்றில் சிக்கிக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றுபோகிறது. வழக்கு முடிந்த பின்னும் உறவினர் வாய் மூடுவதில்லை. பாட்டி நவக்கிரகங்களை ஒன்பது முறை சுற்றி வருகிறார். அருகில் நிற்பவர் எதற்கான வேண்டுதல் என்று கேட்டால் மட்டும் விடை சொல்வதில்லை. கூலியாளின் முதுகில் விழுந்த பிரம்படி எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது என்கிறது புராணம். ஓர் இளைஞனுக்கு விழும் அடி வீட்டில் உள்ள முதியோர் முதுகிலும் விழத்தான் செய்கிறது.

இத்தகைய இல்லங்களுக்கு வேண்டுதலோடு சில தெளிவுகளும் தேவை.

முதலாவது, வழக்கு எப்படி முடிந்தது என்பதைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெற்றுப் பார்த்து அறிய வேண்டும். விடுதலையா, தண்டனையா, நன்னடத்தைப் பிணையா என்று தெரியாமலேயே பல குடும்பங்கள் அஞ்சி வாழ்கின்றன. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்கதல்லாத குற்றங்களில், நீதிமன்றம் தக்கதெனக் கருதினால் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இடம் தருகிறது. அவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனையால் சட்டப்படி ஏற்படும் தகுதியிழப்பு நேராது என்று அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் பணி தருவோர், அரசுத் துறையினர் உட்பட, அவருடைய நடத்தையைத் தனியே கருதிப் பார்க்கக்கூடும். ஆகவே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவது நன்று. வசதியற்றோர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இரண்டாவது, வாய்மை. பணி விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடியே எழுத வேண்டும். தெரிவிக்கும் செய்தி உண்மையாக இருக்க வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. இளமையில் நேர்ந்த சிறு பிழையைப் பணி தருவோர் பொறுத்துக்கொள்ளவும் அத்தீர்ப்பு வழி வைத்தது. பழைய பிழையை மன்னிக்க முன்வரும் முதலாளியும் புதிய பொய்யை மன்னிப்பது அரிது. “எழுதாமல் விட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது” என்று பாசத்தால் சொல்லும் பெரியவர், பேரனை மீண்டும் அந்தச் சுடுமணலில் நிறுத்துகிறார்.

மூன்றாவது, தொழில். பட்டம் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேறியவரும் சேரலாம். பயிற்சி முடித்துத் தேர்வில் வென்றவர் பெறும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். சொந்தமாகத் தொழில் தொடங்க விழைவோர் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேலும் சேவைத் தொழிலுக்கு 5 லட்சத்துக்கு மேலும் திட்ட மதிப்பு இருந்தால்தான் அதில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. சிறைக்குள்ளேயே தையல், நெசவு, தச்சு முதலியன கற்று வெளிவருவோரும் உளர். தமிழகச் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் சிறைவாசிகளே பொதுமக்களுக்கு எரிபொருள் நிரப்பிக் கொடுக்கின்றனர்.

இவ்வளவும் இருந்தும் பல இளைஞர் தடுமாறி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது முதல் வேலை. சான்றிதழ் கையில் இருக்கும்; நம்பி அழைப்பார் இல்லை. ‘முன்பு எங்கே வேலை செய்தாய்’ என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை. அந்த ஒரு பெயரைத் தரும் ஆற்றல் தெருவிலுள்ள பெரியவர்களிடம்தான் இருக்கிறது.

கிணற்று மோட்டார் நின்றுவிட்டது, கதவின் கீல் கழன்றுவிட்டது, மின்விசிறி சுற்றவில்லை என்பன எந்த வீட்டிலும் நிகழ்பவை. அடுத்த தெருவில் அத்தொழில் பயின்ற பிள்ளை இருக்கிறான் என்று தெரிந்தால் அவனை அழைக்கலாம். முதல் நாளிலேயே பீரோச் சாவியைக் கொடுக்கும்படி எவரும் சொல்லவில்லை. வந்தியும் கொடுத்தது கரையின் ஒரு பங்கு வேலையைத்தான். கூலியை முன்னதாகப் பேசிவிட வேண்டும். ‘வேறு யார் உனக்கு வேலை தருவார்கள்’ என்று எண்ணிக் கூலியைக் குறைப்பது அறமன்று. பிறர் முன்னிலையில் அவனுடைய பழங்கதையைக் கிளறலாகாது. வேலை செம்மையாக இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும். சரியில்லையென்றால் அதையும் அவனிடமே நேராகச் சொல்ல வேண்டும். குற்றம் சுட்டிக்காட்டித் திருத்தப்படுவதும் ஒருவனை மனிதனாக மதிப்பதன் அடையாளமே.

இளைஞரும் ஒன்றை உணர வேண்டும். மண் சுமக்க வந்த பெருமான் ஆடியும் பாடியும் உறங்கியும் பொழுது போக்கினார். அது அவர் விளையாட்டு. ஒரே கூடை மண்ணில் கரையை அடைக்கும் வல்லமை அவருக்கு உண்டு. மனிதர்க்கோ ஒவ்வொரு கூடையாகச் சுமப்பதன்றி வேறு வழியில்லை. சொன்ன நேரத்தில் வருவதும், வாங்கிய பொருளுக்குக் கணக்குக் கொடுப்பதும், பழைய கூட்டத்தை விட்டு விலகுவதும் நாள்தோறும் சுமக்க வேண்டிய கூடைகள். அவ்வாறு சில ஆண்டுகள் சுமந்தால் உடைந்த கரை அடைபடும்.

புட்டுத் திருவிழாவைக் காணச் செல்வோர் அங்கே வந்தியையும் நினைக்கின்றனர். அவளிடம் செல்வம் இல்லை, அதிகாரம் இல்லை, தள்ளாத வயது. வாசலில் வந்து நின்ற கூலியாளை நம்பி ஒரு வேலையையும் சிறிது உதிர்ந்த பிட்டையும் கொடுத்தாள். வந்தவர் யார் என்பது அவளுக்குப் பின்னரே தெரிந்தது.