பாக்கி வசூலுக்குக் கையெழுத்தா?

மொத்தக் கடைப் பாக்கியை மாதாமாதம் வங்கியே நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். சில்லரை வியாபாரிகள் யோசிக்க வேண்டும். க்யூஆர் அட்டையைப் பார்த்து அனுப்பினால், கல்லா நிறைந்த பிறகு அனுப்பலாம். 'நாச்' முறையில் குறித்த தேதியில் பணம் போய்விடும். அன்று கணக்கில் இல்லையென்றால் வங்கிப் பிடித்தம் மட்டுமல்ல. நோட்டீஸ் வந்து 15 நாளில் கட்டாவிட்டால், செக் திரும்பியது போலவே வழக்கு! பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 2007, பிரிவு 25. இரண்டாண்டு வரை சிறை.

பாக்கிக்கு நடந்தே செருப்புத் தேய்ந்த மொத்த வியாபாரிகளின் சிரமமும் நாம் அறிந்ததே. ஆனாலும் மழை மாதத்தில் சரக்குத் தேங்கும் கடைக்கு இது ஒத்துவராது. பில்லுக்குப் பில் க்யூஆரே போதும். தவிர்க்க முடியாதவர்கள், படிவத்தில் உச்சத் தொகையையும் முடிவுத் தேதியையும் தாங்களே நிரப்பிய பிறகு கையெழுத்திடவும்.